கற்றுக்கொள்ள வேண்டிய கனிவு

நுழையும்முன்

மருத்துவர், பொறியாளர், வழக்கறிஞர், ஆசிரியர் என இளையோர் விரும்பிக் கற்கும் பணிகள் பல. முதுமையைத் தாங்கிப் பிடிக்கும் பணியை விரும்பிக் கற்போர் சிலரே. அச்சிலருள் ஓர் இளைஞர் எதைக் கற்கிறார், அவரது கல்வியைச் சமூகம் எவ்வாறு மதிக்க வேண்டும் என்பவற்றை எடுத்துரைக்கிறது இக்கட்டுரை.

மூன்று கேள்விகள்

பன்னிரண்டாம் வகுப்பை முடித்த இளைஞர் ஒருவர் முதியோர் பராமரிப்புப் பயிற்சியில் சேர்ந்தால், உற்றார் உறவினரிடமிருந்து மூன்று கேள்விகள் எழும். "வேறு படிப்புக் கிடைக்கவில்லையா, தம்பி?" என்பது முதற்கேள்வி. "இது பெண்கள் பார்க்கிற வேலை அல்லவா?" என்பது இரண்டாவது. "பெரியவர்களைப் பார்த்துக்கொள்ள நல்ல மனம் இருந்தால் போதாதா? இதற்கும் ஒரு படிப்பா?" என்பது மூன்றாவது.

முதற்கேள்வியில் இரக்கம் உண்டு; இரண்டாவதில் ஏளனம் உண்டு. மூன்றாவது கேள்வியோ நியாயமானது போலத் தோன்றுகிறது. பெற்றோரைப் பேணுவது பிள்ளைகளின் கடமை என்பதைத் தமிழ்ச் சமூகம் நெடுங்காலமாகப் போற்றி வருகிறது. கடமைக்குச் சான்றிதழ் எதற்கு என்று கேட்பது இயல்பே. ஆனால், இக்கேள்விக்கு அடியில் ஒரு நம்பிக்கை மறைந்திருக்கிறது. அன்பு இருந்தால் பராமரிப்பு தானாகவே வந்துவிடும் என்பதே அது. இந்நம்பிக்கையால் இரு தீமைகள் விளைகின்றன. வீட்டிலுள்ளோர், அறியாத ஒன்றைச் செய்யுமாறு தனித்து விடப்படுகின்றனர். அதை அறிந்து செய்வோர், எவரும் செய்யக்கூடிய வேலையைச் செய்வோராகக் கருதப்பட்டுக் குறைந்த கூலியும் குறைந்த மதிப்பும் பெறுகின்றனர். ஆகவே, மூன்றாவது கேள்விக்கு விடை காண்பதே முதன்மையானது.

மாறிவரும் வீடு

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 60 வயதைக் கடந்தோர் ஏறத்தாழ 10.4 கோடிப் பேர். அப்போது தமிழ்நாட்டு மக்களில் நூற்றுக்குப் பத்துப் பேருக்குச் சற்று மேற்பட்டோர் முதியோராக இருந்தனர். 2031ஆம் ஆண்டில் அவ்வளவு 18 விழுக்காட்டைத் தாண்டும் என்பது நடுவண் அரசு அமைத்த வல்லுநர் குழுவின் மதிப்பீடு. மாநிலங்களுள் கேரளத்தை அடுத்து முதுமை மிகுந்து வரும் மாநிலம் தமிழ்நாடு.

இது வருந்தத்தக்க செய்தியன்று. தடுப்பூசி, தூய குடிநீர், பெண்கல்வி, மகப்பேற்று மருத்துவம் ஆகியவற்றில் இம்மாநிலம் பெற்ற வெற்றியின் விளைவே இது. குழந்தை இறப்பு குறைந்தது, வாழ்நாள் நீண்டது, குடும்பம் சிறுத்தது. 2019 - 21 ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாகப் பிறக்கும் குழந்தைகள் இரண்டுக்கும் குறைவு.

முன்பு ஒரு பாட்டி நோயுற்றால் மகள்கள், மருமகள்கள், பேரப்பிள்ளைகள் எனப் பலர் முறைவைத்துப் பார்த்துக்கொள்ள இயன்றது. இன்று ஒரு மகனோ ஒரு மகளோ மட்டுமே உள்ள வீடுகள் பல. அவர்களும் பிழைப்பின் பொருட்டுச் சென்னையிலோ, பெங்களூருவிலோ, கடல்கடந்த நாட்டிலோ வாழக்கூடும். ஊரில் எஞ்சியிருப்பவர் தந்தையும் தாயும் மட்டுமே. எழுபத்தைந்து வயது மனைவி எண்பது வயதுக் கணவரைத் தூக்கி அமர்த்தும் நிலை பல வீடுகளில் உண்டு. அங்கே குறைவது அன்பன்று. ஆளும் அறிவும் வலுவுமே குறைகின்றன.

நோயின் தன்மையும் மாறியிருக்கிறது. முன்னர்ச் சில நாள்களில் உயிரைப் பறித்த பக்கவாதம், இன்று மருத்துவத்தால் தாங்கப்பட்டுப் பல்லாண்டு நீடிக்கிறது. நீரிழிவு, மூட்டுத் தேய்மானம், நடுக்குவாதம், மறதி நோய் ஆகியவை ஒருவரையே ஒருங்கே பற்றுகின்றன. மருத்துவமனை பத்து நாளில் வீட்டிற்கு அனுப்பிவிடும். அதன் பிறகு வரும் பத்து ஆண்டுகளை யார் தாங்குவது? அப்பத்து ஆண்டுகளுக்கான கல்வியையே அவ்விளைஞர் கற்கிறார்.

அன்பு செய்யும் பிழைகள்

பயிற்சி வகுப்பில் அவர் முதலில் கற்பது, நல்ல மனத்தோடு செய்யப்படும் தீங்குகளைப் பற்றியே ஆகும்.

பக்கவாதத்தால் படுத்திருக்கும் தந்தைக்கு மகன் காபி புகட்டுகிறான். படுத்த நிலையிலேயே, தலையைச் சற்றுப் பின்னே சாய்த்து, வாயில் ஊற்றுகிறான். அதில் அன்பு நிறைந்திருக்கிறது. ஆனால், விழுங்கும் தசைகள் தளர்ந்த ஒருவரின் தொண்டையில் நீர்ப்பொருள் விரைந்து ஓடி மூச்சுக்குழாய்க்குள் நுழையும். அது நுரையீரலில் நோய்த்தொற்றை உண்டாக்கும். நிமிர்த்தி அமர்த்தி, முகவாயைச் சற்றே தாழ்த்தி, சிறு கரண்டியால் ஊட்டி, ஒரு வாய் இறங்கியதை உறுதிசெய்த பின்னரே அடுத்ததைத் தர வேண்டும். உண்டபின் அரைமணி நேரமாவது அமர்ந்திருக்கச் செய்ய வேண்டும். விழுங்கியதும் இருமல் வந்தாலோ, குரல் ஈரமேறியது போல ஒலித்தாலோ ஊட்டுவதை நிறுத்தி மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். இவை எல்லாம் பாசத்தால் தெரிந்துவிடுவன அல்ல. ஒருவர் கற்பித்து மற்றவர் கற்க வேண்டியவை.

படுக்கையில் கிடக்கும் தாயின் இடுப்பெலும்புப் பகுதியில் தோல் கன்றியிருப்பதைக் கண்டு மகள் அவ்விடத்தை அழுத்தித் தேய்த்துவிடுகிறாள். இதுவும் அன்பே. ஆனால், ஏற்கெனவே குருதியோட்டம் தடைப்பட்டு நலிந்த தசையை அத்தேய்ப்பு மேலும் நைத்துவிடும். தேவைப்படுவது தேய்ப்பன்று, அவ்விடத்தின்மீது விழும் எடையை அகற்றுவதே ஆகும். தாமாகப் புரள இயலாதவரை ஏறத்தாழ இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை பக்கம் மாற்றிக் கிடத்த வேண்டும். இடுப்பு, குதிகால், தோள்பட்டை, பின்னந்தலை ஆகிய எலும்பு துருத்திய இடங்களை நாள்தோறும் பார்க்க வேண்டும். சிவந்த தோல்தான் படுக்கைப்புண்ணின் முதல் அடையாளம் என்று நூல்கள் கூறும். மாநிறமும் கருநிறமும் கொண்டோரிடம் அச்சிவப்பு எளிதில் தென்படாது. ஆகையால் வெப்பம், கெட்டித்தன்மை, வலி ஆகியவற்றை விரலால் தொட்டு அறிய வேண்டும். கண்ணுக்குத் தெரியாததைக் கை அறிய வேண்டும் என்பது எத்துணை நுட்பமான பாடம்!

கட்டிலிலிருந்து எழுப்புவதற்காக, செயலிழந்த கையைப் பற்றி இழுக்கிறார் உறவினர் ஒருவர். தசையின் பிடிப்பை இழந்த தோள்மூட்டு அந்த இழுப்பில் விலகக்கூடும். இரவில் அடிக்கடி எழ வேண்டியிருக்கிறதே என்று இரங்கி, மாலைக்குப் பின் தண்ணீர் தருவதை நிறுத்துகிறார் இன்னொருவர். முதுமையில் தாக உணர்வு இயல்பாகவே குறைவு. அதன்மேல் தண்ணீரும் குறைந்தால் மயக்கமும் மனக்குழப்பமும் வரும். முதல்நாள் வரை தெளிவாகப் பேசியவர் திடீரெனப் பிதற்றினால், "வயதாகிவிட்டது" என்று விட்டுவிடுகிறது குடும்பம். சிறுநீர்ப் பாதையில் ஏற்பட்ட நோய்த்தொற்றும் அதற்குக் காரணமாகலாம் என்பதைப் பயிற்சி பெற்றவர் அறிவார். காலந்தாழ்த்தாமல் மருத்துவரை அழைப்பார்.

இவற்றினும் பெரிய பிழை ஒன்றுண்டு. முதியவர் செய்யக்கூடியதையும் தாமே செய்துவிடுவது. பொத்தானைப் போட ஐந்து நிமிடம் தடுமாறும் தந்தையைக் காணப் பொறாமல் மகன் தானே போட்டுவிடுகிறான். நாள்தோறும் இவ்வாறு நிகழ்ந்தால், எஞ்சியிருந்த ஆற்றலையும் அவ்விரல்கள் இழந்துவிடும். உடுத்தும்போது பழுதுற்ற கையை முதலில் நுழைப்பதும், களையும்போது நல்ல கையை முதலில் எடுப்பதும் பயிற்சியில் கற்பிக்கப்படும் எளிய முறைகள். அவற்றை முதியவருக்கும் சொல்லித் தந்துவிட்டு, அருகில் நின்று காத்திருப்பதே பராமரிப்பாளரின் பணி. உதவி செய்யக் கற்பதைவிட, உதவாமல் பொறுத்திருக்கக் கற்பது கடினம்.

இவையனைத்தையும் நோக்கினால் மூன்றாவது கேள்விக்கு விடை கிடைத்துவிடுகிறது. அன்பு தேவை, ஆனால், அது தொடக்கம் மட்டுமே. கல்லாத அன்பு தவறு செய்யும். தவறு செய்தது தனக்குத் தெரியாமலும் இருக்கும்.

தெரியுமா?

இந்தியாவில் முதியோர் மருத்துவத்தைத் தனித்துறையாக வளர்த்தெடுத்த பெருமை சென்னை மருத்துவக் கல்லூரிக்கு உண்டு. அங்கே 1978இல் முதியோருக்கான புறநோயாளிகள் பிரிவு தொடங்கப்பட்டது. பின்னர் 1996இல் அத்துறையில் முதுநிலைப் பட்டப்படிப்பும் தொடங்கப்பட்டது. இத்துறையின் முன்னோடியான மருத்துவர் வி. எஸ். நடராஜன் 2012இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். சென்னை கிண்டியில், கிங் நிலைய வளாகத்தில், 200 படுக்கைகளைக் கொண்ட தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024இல் திறக்கப்பட்டது.

உடலைத் தொடுமுன் மானத்தைத் தொடுதல்

நாற்பது ஆண்டுகள் பேருந்து ஓட்டியவர், நூறு மாணவரை நிமிர்ந்து நிற்கச் செய்த ஆசிரியை, தறியில் ஆயிரம் சேலைகளை நெய்தவர் என ஒவ்வொரு முதியவருக்கும் ஒரு வாழ்க்கை உண்டு. ஒருநாள் அவர் தம் உடலைக் கழுவுவதற்கு ஓர் இளைஞரின் கையை எதிர்பார்க்க நேர்கிறது. நோயின் வலியைவிட இந்நிலையின் கூச்சமே அவரை வருத்தும்.

ஆகவே, பயிற்சியின் அடுத்த பகுதி மானத்தைக் காப்பது பற்றியது. அறைக்குள் நுழையுமுன் கதவைத் தட்ட வேண்டும். தொடுமுன், "ஐயா, இப்போது முதுகைத் துடைக்கட்டுமா?" என்று கேட்க வேண்டும். குளிப்பாட்டும்போது துடைக்கும் பகுதியைத் தவிர மற்றப் பகுதிகளைத் துணியால் போர்த்தியிருக்க வேண்டும். படுக்கை நனைந்திருந்தால் முகம் சுளிக்காமல், பிறர் காதில் விழாமல் மாற்ற வேண்டும். முதியவரை முன்வைத்துக்கொண்டே அவரைப் பற்றி வீட்டாரிடம் படர்க்கையில் பேசக் கூடாது. எல்லாரையும் "தாத்தா", "பாட்டி" என்று அழைப்பதும் சரியன்று. உறவுச்சொல்லை விரும்புவோர் உண்டு; "சார்" என்றோ "டீச்சர்" என்றோ அழைக்கப்பட்டே பழகியவர்களும் உண்டு. எவ்வாறு அழைக்கலாம் என்று கேட்டறிவதே முதல் மரியாதை.

செவித்திறன் குறைந்தவரிடம் உரக்கக் கத்துவது பொதுவழக்கம். முதுமையில் முதலில் மங்குவது உச்சத்தொனி ஒலிகளைக் கேட்கும் திறன். கத்தும்போது குரல் உச்சத்திற்குச் செல்வதால் சொல் மேலும் தெளிவிழக்கிறது. கேட்பவருக்கோ, தம்மைக் கடிந்துகொள்வது போலத் தோன்றுகிறது. முகத்துக்கு நேரே அமர்ந்து, தாழ்ந்த தொனியில், நிறுத்தி நிறுத்திப் பேசினால் போதும்.

மறதி நோயுற்றோரிடம் இம்மரியாதை கடுமையான சோதனைக்கு உள்ளாகிறது. மறைந்து இருபது ஆண்டுகளான கணவர் இன்னும் வேலையிலிருந்து திரும்பவில்லையே என்று ஒரு மூதாட்டி அந்தி வேளையில் தவிக்கக்கூடும். "அவர்தாம் இறந்துவிட்டாரே" என்று சொன்னால், அத்துயரை அவர் ஒவ்வொரு மாலையும் புதிதாக அடைவார். பயிற்சி பெற்ற இளைஞர் அங்கே வாதிட மாட்டார். "ஐயா எங்கே வேலை பார்த்தார், அம்மா? அவருக்கு என்ன சமைத்து வைப்பீர்கள்?" என்று கேட்பார். பேச்சு நீளும், தவிப்புத் தணியும். உண்மையை மறைப்பதாகாது இது. அவர் சொன்ன செய்தியை விட்டு, அவரது நெஞ்சிலிருந்த ஏக்கத்திற்கு விடையளிப்பதாகும்.

புறநானூற்றில், ஊன்றுகோலைப் பற்றி நிற்கும் முதியவர் ஒருவர், நீர்த்துறை மரத்திலேறி ஆழ்நீரில் பாய்ந்து மணலை அள்ளி வந்த தம் இளமையை எண்ணி இரங்கும் பாடல் உண்டு. அதைப் பாடியவரின் இயற்பெயர் தெரியவில்லை. ஊன்றுகோலைக் குறித்து அவர் ஆண்ட தொடராலேயே 'தொடித்தலை விழுத்தண்டினார்' என்று அழைக்கப்படுகிறார். ஊன்றுகோலை மட்டும் காண்போர்க்கு அவர் முதியவர். அப்பாடலைக் கேட்போர்க்கு ஆழ்நீரில் பாய்ந்த சிறுவனும் அவரே. பராமரிப்பாளருக்கு இவ்விரு பார்வையும் வேண்டும்.

ஆண்மகனுக்கு ஏற்றதா?

இரண்டாவது கேள்விக்கு வருவோர், பராமரிப்பு பெண்ணின் இயல்பு என்பர். அது இயல்பன்று, பழக்கமே. வீட்டில் நோயுற்றோரைப் பார்த்துக்கொள்வதற்காகப் படிப்பையும் பணியையும் இடையில் விட்டவர்களுள் மகளும் மருமகளுமே மிகுதி. கடமை மகனுடையது என்று பேசப்படும். கடமையின் உழைப்போ மருமகளின் தோளில் ஏற்றப்படும். இவ்வழக்கம் தொடர்ந்தால் முதுமை பெருகப் பெருகப் பெண்களின் வாய்ப்புகள் சுருங்கும்.

ஜெர்மனி நாட்டின் பட்டறிவு இங்கே நினைக்கத்தக்கது. அந்நாட்டில் கட்டாயப் படைப்பணி நடைமுறையில் இருந்தபோது, ஆயுதம் ஏந்த மனம் ஒப்பாத இளைஞர்களுக்கு மாற்றுப் பணி வழங்கப்பட்டது. அவர்களுள் மிகப்பலர் மருத்துவமனைகளிலும் முதியோர் இல்லங்களிலும் பணியாற்றினர். 2011இல் கட்டாயப் படைப்பணி நிறுத்திவைக்கப்படும்வரை இம்முறை பல்லாண்டுகள் நீடித்தது. பதின்வயதைக் கடந்த இளைஞர்கள் முதியோருக்கு உணவூட்டினர், குளிப்பாட்டினர், சக்கர நாற்காலியைத் தள்ளினர். அதனால் எவரும் தம் ஆண்மையில் குறைவுபடவில்லை.

முதிய ஆடவர் பலர், குளிக்கவும் கழிவறை செல்லவும் ஆடவர் ஒருவரின் துணையையே விரும்புகின்றனர். ஆனால், ஆண்கள் தேவைப்படுவது உடல்வலிமைக்காக மட்டுமே என்று கருதுவதும் பிழை. வலிமையை நம்பித் தூக்குபவர் சில ஆண்டுகளில் தம் முதுகெலும்பைக் கெடுத்துக்கொள்வார். முதியவரைச் சில நிமிடம் கட்டிலோரம் அமர்த்தித் தலைச்சுற்றல் இல்லை என்பதை உறுதிசெய்து, அவரது வலுவான பக்கத்தில் நாற்காலியை இட்டு, தம் முழங்காலை மடித்து, முதுகை நிமிர்த்தி, உடல் எடையின் அசைவாலேயே அவரை இடம் மாற்றுவதுதான் முறை. அம்முறையை ஆணும் பெண்ணும் ஒருசேரக் கற்கலாம்.

கூலி வாங்கினால் தொண்டாகாதா?

பராமரிப்பைப் பணத்திற்குச் செய்வது உறவை விலைபேசுவதாகும் என்பாரும் உளர். மருத்துவர் கட்டணம் பெறுகிறார். ஆசிரியர் ஊதியம் பெறுகிறார். அவர்களது பணியின் உயர்வு அதனால் குறைவதில்லை. முதியோரைப் பேணுவோருக்கு மட்டும் புகழ்மொழியே போதும் என்று கூறுவது, அவர்களின் உழைப்பைச் சுரண்டும் இனிய வழியாகிவிடும்.

ஜப்பான் நாடு 1987ஆம் ஆண்டிலேயே பராமரிப்புப் பணியாளருக்கான தேசியத் தகுதியைச் சட்டத்தின்வழி ஏற்படுத்தியது. 2000ஆம் ஆண்டில் நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீட்டைத் தொடங்கியது. 40 வயதானோர் அதற்குக் கட்டணம் செலுத்துகின்றனர். முதுமையில் துணை தேவைப்படும்போது அக்காப்பீடு செலவின் பெரும்பகுதியை ஏற்கிறது. முதுமை ஒரு குடும்பத்தின் தலைவிதி அன்று, ஊர் கூடித் தாங்க வேண்டிய பொறுப்பு என்னும் கொள்கை அதன் அடிப்படை. ஜெர்மனி 1995இலேயே இத்தகைய காப்பீட்டை நடைமுறைப்படுத்தியிருந்தது.

இந்நாடுகளில் இன்று பராமரிப்பாளர்களுக்குப் பெருந்தட்டுப்பாடு நிலவுகிறது. திறன்பெற்ற பணியாளர்களை அனுப்புவது குறித்து இந்தியாவும் ஜப்பானும் 2021இல் செய்துகொண்ட உடன்பாட்டில் முதியோர் பராமரிப்புப் பணியும் அடங்கும். பயிற்சி பெற்ற தமிழ் இளைஞர் நாளை ஜப்பானிய மொழி கற்று அங்கே செல்லக்கூடும். அது அவரது உரிமை. அதில் குறைகாண ஏதுமில்லை. குறை இங்கே இருக்கிறது. அயல்நாடு தகுதியென ஏற்று ஊதியம் வழங்கும் ஒரு கல்வியைச் சொந்த ஊர் வேலையாள் வேலை என்று கருதினால், கற்றவர் வெளியேறவே செய்வார். ஊரில் முதியோர் தனித்திருப்பர்.

இங்குப் பராமரிப்புப் பணியில் உள்ளோர் பலரின் நிலை இரங்கத்தக்கது. ஒரே வீட்டில் 24 மணி நேரமும் தங்கிப் பணிபுரிவோர் உண்டு. இரவில் பலமுறை எழுந்தும் பகலில் ஓய்வின்றி உழைப்போர் உண்டு. வார விடுப்பு, பணி வரையறை, காப்பீடு ஆகியவை எழுத்தில் இல்லாத இடங்கள் பல. பயிற்சி பெற்றவருக்கும் பெறாதவருக்கும் ஒரே கூலி என்றால், பயிற்சி பெற எவர் முன்வருவர்? களைத்த கை பிழை செய்யும். பிழையின் வலியைத் தாங்குபவர் முதியவரே. எனவே, பராமரிப்பாளரின் ஓய்வும் ஊதியமும் முதியோரின் பாதுகாப்போடு பிணைந்தவை. பராமரிப்பாளர் பதிவேடு, தேர்வு முறை, குறைந்தபட்ச ஊதியம், வேலை நேர வரம்பு ஆகியவற்றை வகுப்பது அரசின் கடமை. தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம், நோய்த்தணிப்புச் சிகிச்சையையும் இயன்முறை மருத்துவத்தையும் இல்லம் தேடிக் கொண்டு சேர்க்கிறது. அவ்வழியில் பயிற்சி பெற்ற பராமரிப்பாளரும் ஏழைகளின் வாயிலை அடைய வேண்டும். பணம் உள்ள வீட்டிற்கு மட்டுமே திறன்மிக்க கை கிடைக்கும் என்றால், அது முதுமையிலும் தொடரும் ஏற்றத்தாழ்வு ஆகும்.

பிள்ளைகளின் இடம்

பராமரிப்பாளரை அமர்த்திவிட்டால் பிள்ளைகளின் கடமை முடிந்துவிடுமோ என்னும் அச்சம் எழலாம். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச்சட்டம் 2007ஆம் ஆண்டு இயற்றப்பட்டது. பெற்றோரைப் பேணாத பிள்ளைகளிடமிருந்து மாதந்தோறும் பராமரிப்புத் தொகை பெற அச்சட்டம் வழிசெய்கிறது; முதியோரைக் கைவிடுவதைத் தண்டனைக்குரிய குற்றமாக்குகிறது. துன்புறும் முதியோர் உதவி பெற 14567 என்னும் தொலைபேசி எண்ணும் உள்ளது. இவை இன்றியமையாத பாதுகாப்புகள். எனினும், சட்டத்தால் பணத்தைப் பெற்றுத் தர இயலும். பாசத்தைப் பெற்றுத் தர இயலாது.

பயிற்சி பெற்ற பராமரிப்பாளர் மகனின் இடத்தைப் பறிப்பதில்லை. மகன் மகனாக இருப்பதற்கு இடந்தருகிறார். இரவெல்லாம் விழித்துக் களைத்துச் சினங்கொண்ட மகனால் தந்தையிடம் இனிமையாகப் பேச இயலாது. புரட்டுவதும் துடைப்பதும் திறன்மிக்க கையால் நடக்கும்போது, அருகில் அமர்ந்து பழைய கதைகளைக் கேட்க மகனுக்கு நேரம் கிடைக்கிறது. நல்ல பராமரிப்பாளர் வீட்டாரை விலக்கி நிறுத்த மாட்டார். ஊட்டும் முறையையும் எழுப்பும் முறையையும் அவர்களுக்கும் கற்பிப்பார். அந்த வகையில் அவர் ஓர் ஆசிரியரும் ஆவார்.

நிறைவாக

முதற்கேள்விக்கு இனி விடை கூறலாம். வேறு படிப்புக் கிடைக்காதவர் வந்துசேரும் இடமன்று இது. உடற்கூறு, ஊட்டம், மருந்து, மனநலம், மொழி, பொறுமை ஆகிய அனைத்தும் ஒருசேரத் தேவைப்படும் துறை இது. மருத்துவர் நாளில் சில நிமிடங்களே முதியவரோடு இருப்பார். எஞ்சிய நேரமெல்லாம் அருகிலிருந்து, தோலின் நிறமாற்றத்தையும் உணவின் குறைவையும் பேச்சின் தடுமாற்றத்தையும் முதலில் காண்பவர் பராமரிப்பாளரே. அவர் கண்டு சொன்னால்தான் மருத்துவம் தொடங்கும்.

இத்துறையில் குணமாக்கிய மகிழ்ச்சி அரிதாகவே கிட்டும். பேணப்படுவோர் பெரும்பாலும் நலம்பெற்று எழுந்து செல்வதில்லை. ஒருநாள் விடைபெற்றுச் செல்கின்றனர். இறப்பைப் பலமுறை அருகிலிருந்து காணும் இளைஞருக்கும் ஆறுதல் தேவை. அதையும் பயிற்சி நிறுவனங்கள் கற்பிக்க வேண்டும். அவர் பெறும் நிறைவு வேறுவகையானது. வலியின்றி உறங்கிய ஓர் இரவு, புண்ணின்றிக் கழிந்த ஓர் ஆண்டு, தாமே பொத்தானைப் போட்டுக்கொண்டவரின் முகத்தில் தோன்றும் பெருமிதம் ஆகியவையே அவரது வெற்றிகள்.

இப்பாடத்தைப் பயிலும் மாணவர்கள் முதுமையை எட்டும் காலத்தில் அவர்களைப் பேணும் கைகள் யாருடையவை? அக்கைகள் கற்றவையாகவும், உரிய ஊதியம் பெறுபவையாகவும், மதிக்கப்படுபவையாகவும் இருக்க வேண்டுமானால், அதற்கான கல்வி இப்போதே தொடங்க வேண்டும். இன்று இப்பணியைக் கற்கும் இளைஞரிடம் ஊரார் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: "எங்களுக்கும் சொல்லித் தருவாயா, தம்பி?"